கிறிப்பில் பழைய லீசிங் நிலுவை இருக்கு: எந்தக் கடனட்டைக்குப் போடலாம்?

குமுழமுனைப் பெடியன்:

வணக்கம் எல்லாருக்கும். முல்லைத்தீவுப் பக்கம் இருந்து கேட்கிறன். தனியார் கம்பனியொன்றில களஞ்சிய வேலை. கைக்கு வாற சம்பளம் 85,000, ஒவ்வொரு மாதமும் 25ஆம் திகதி வங்கிக் கணக்குக்கு வரும். 2022இல மோட்டார் சைக்கிள் லீசிங் நாலு தவணை பிந்தி, 2023 கடைசியில முழுக்கக் கட்டி முடிஞ்சுது. அதைவிட, சொந்தக்காரர் ஒருவரின்ர ரக்ரர் லீசிங்குக்குப் பிணை நிற்கிறன், அது இன்னும் ஓடுது. வேறை கடன் இல்லை. 200,000 ரூபா நிலையான வைப்பில கிடக்கு.

இன்னும் இரண்டு மூன்று வருசத்தில வீட்டுக் கடன் எடுக்கவேணும். அதுக்கு முதல் கிறிப்பை, அதாவது கடன் தகவல் பணியகத்தில இருக்கிற என்ர கடன் பதிவைச் சீர்ப்படுத்த ஒரு கடனட்டை எடுத்து ஒழுங்காப் பாவிக்கச் சொல்லுகினம். வவுனியாவில மூன்று வங்கிக்காரர் படிவம் தந்திருக்கினம். ஒன்று சுப்பர்மார்க்கெற்றில வாங்கினால் காசு திரும்பத் தாற அட்டை. ஒன்று விமான மைல் சேர்க்கிற பிளாட்டினம். மற்றது புள்ளியும் வட்டியில்லாத் தவணையும். மாதச் செலவு: பெற்றோல் 10,000, சாமான் 22,000, போனும் இன்ரநெற்றும் 4,000, கரன்ற் 3,000. மூன்றுக்கும் போட்டுவிட்டு, வாறதில நல்லதை எடுக்கலாமோ? எதில லாபம் கூட?

வவுனியா வரவுசெலவு:

மூன்றுக்கும் ஒரேயடியாகப் போடவேண்டாம் தம்பி. உங்கள் படிவம் கைக்கு வந்ததும் வங்கி செய்கிற முதல் வேலை கிறிப் அறிக்கையை இழுப்பதுதான். எந்தத் திகதியில், என்ன தேவைக்காகப் பார்க்கப்பட்டது என்பது அந்த அறிக்கையிலேயே பதிவாகிவிடும். ஒரு மாதத்துக்குள் மூன்று வங்கி கடனட்டைக்கென்று பார்த்திருக்கு, ஆனால் அட்டை ஒன்றும் கொடுபடவில்லை என்றால், நாலாவதாகப் பார்க்கிற கடன் உத்தியோகத்தர் 'மூன்று பேர் மறுத்த ஆள்' என்றுதான் எடுத்துக்கொள்வார். நாளைக்கு வீட்டுக் கடனுக்கு உட்காரும்போதும் அந்தப் பதிவுகள் மேசையில் இருக்கும்.

அட்டையைத் தெரிவதற்கு முன்னம் உங்கள் சொந்த அறிக்கையை நீங்களே எடுங்கோ. இணையம் வழியாக எடுக்கலாம், கட்டணம் உண்டு, தேசிய அடையாள அட்டை தேவை. நீங்களே எடுத்துப் பார்ப்பது உங்களுக்கு எதிராக எண்ணப்படாது. இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லவேணும். கிறிப் என்கிற இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகம் 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்தது. அங்கே கறுப்புப் பட்டியல் என்று ஒன்று கிடையாது. வங்கியில் கடன் எடுத்த எல்லாருடைய பெயரும் அங்கே இருக்கும், ஒழுங்காகக் கட்டினவர்களின் பெயரும் இருக்கும். கடன் கொடுப்பதா இல்லையா என்பது முழுக்க வங்கியின் முடிவு. அதனால்தான் ஒரே அறிக்கையைப் பார்த்து ஒரு வங்கி இல்லை என்கிறது, மற்றது வைப்பை ஈடாகக் கேட்டுவிட்டுச் சரி என்கிறது. 'கிறிப்பில இருந்து பெயரை எடுத்துத் தாறன்' என்று காசு கேட்கிற தரகர்மாரிடம் ஒரு சதமும் கொடுக்காதேங்கோ. அப்படி எடுக்க ஒருவராலும் முடியாது.

அறிக்கை கைக்கு வந்ததும் முதலில் மோட்டார் சைக்கிள் லீசிங்கைத் தேடுங்கோ. 'கட்டி முடிஞ்சுது' என்று நாங்கள் நினைப்பதும், கம்பனியின் கணக்கில் அது மூடப்பட்டிருப்பதும் இரண்டு வேறு விசயம். கடைசித் தவணையைக் கட்டின நாளுக்கும் அவர்கள் பதிந்த நாளுக்கும் இடையில் ஏறின தாமத வட்டி, காப்புறுதி மீதி என்று நானூறு ஐந்நூறு ரூபா கணக்கில் தொங்கிக்கொண்டிருந்தால் அந்தக் கடன் திறந்தபடியே இருக்கும். மாதம் மாதம் நிலுவை நாட்களும் ஏறிக்கொண்டு போகும். வன்னியில் நான் பார்க்கிற அறிக்கைகளில் ஆகக் கூடுதலாக அகப்படுகிற பிழை இதுதான். அகப்பட்டால் மீதியைக் கட்டி, கடன் முற்றாகத் தீர்ந்ததென்ற கடிதத்தை முத்திரையோடு வாங்குங்கோ. வாகனப் பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளராகக் கம்பனியின் பெயர் இன்னும் கிடந்தால் அதையும் மாற்றுவியுங்கோ.

தள்ளுபடி கேட்டுக் கடனை முடித்திருந்தால் இன்னும் கவனம் தேவை. முழுக்கக் கட்டின கடனும், ஒரு பகுதியைக் கம்பனி தள்ளிவிட்ட கடனும் வங்கியின் பார்வையில் ஒன்றல்ல. எப்படி அறிக்கையிடுகிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கோ.

அடுத்தது பெயரும் அடையாள அட்டை இலக்கமும். எங்கள் பக்கத்தில் இடப்பெயர்வில் அட்டை தொலைந்து மறுபிரதி எடுத்தவர்கள், 'வீ' எழுத்தோடு முடியும் பழைய ஒன்பது இலக்க அட்டையிலிருந்து பன்னிரண்டு இலக்கத்துக்கு மாறினவர்கள் ஏராளம். லீசிங் பழைய இலக்கத்தில் இருக்கும், வங்கிக் கணக்கு புதியதில் இருக்கும். இரண்டும் ஒரே ஆளென்று இணைந்திருக்கிறதா என்று பாருங்கோ. பழையதைப் புதியதாக்குகிற முறை இதுதான்: முன்னால் 19 சேர்க்கவேணும், பழைய இலக்கத்தின் முதல் ஐந்து இலக்கத்துக்குப் பிறகு ஒரு 0 போடவேணும், கடைசி எழுத்தை விடவேணும். இப்படிச் செய்து ஒத்துப்போகவில்லை என்றால் யாரோ ஒரு இலக்கத்தைப் பிழையாகத் தட்டியிருக்கிறார்கள். உங்கள் பெயரும் தகப்பனார் பெயரும் ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டப்பட்ட விதத்தையும் அதோடு ஒப்பிடுங்கோ.

பிழை இருந்தால் பணியகம் தானாகத் திருத்தாது. தகவலைக் கொடுத்த நிறுவனம்தான் திருத்தி அனுப்பவேணும். தீர்வுக் கடிதம், கடைசிப் பற்றுச்சீட்டுகள், அறிக்கையின் பிரதி மூன்றையும் இணைத்து அந்தக் கம்பனிக்கு எழுத்தில் கொடுத்து, பிரதியில் ஏற்றுக்கொண்ட ஒப்பமும் திகதியும் வாங்குங்கோ. பணியகத்துக்கும் முறைப்பாட்டைப் போடுங்கோ. நிறுவனங்கள் தரவை மாதத்துக்கொருமுறை அனுப்புவதால் இன்று திருத்தினது நாளைக்குத் தெரியாது, ஒன்றிரண்டு மாதம் பிடிக்கும். கம்பனி இழுத்தடித்தால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களம் இருக்கிறது, 1935க்கு எடுத்துத் தமிழிலேயே கதைக்கலாம்.

கடைசியாக அந்த ரக்ரர். பிணை நின்ற கடனும் உங்கள் அறிக்கையில் வரும். அது இரண்டு தவணை பிந்தினால், உங்கள் அட்டையை நீங்கள் எவ்வளவு சுத்தமாக வைத்திருந்தாலும் வீட்டுக் கடனில் அது முன்னுக்கு வந்து நிற்கும். சொந்தக்காரரென்று கேட்கக் கூச்சப்படாமல் மாதம் ஒருக்கால் பற்றுச்சீட்டைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கோ. பிணையாளி என்ற முறையில் லீசிங் கம்பனியிடமே நிலுவையைக் கேட்கவும் உங்களுக்கு உரிமை இருக்கு. பெரும்போக அறுவடைக் காசு மாசி, பங்குனியில்தான் கைக்கு வரும். அதற்கு முந்தின கார்த்திகை, மார்கழியில்தான் தவணைகள் தவறும், அந்த மாதங்களில் கூடக் கவனியுங்கோ.

மாங்குளம் சந்தி:

மேலே சொன்னது எல்லாம் சரி. அறிக்கை சுத்தமாக வந்த பிறகு எந்த அட்டை என்பதற்கு என்ர பதில்: நீங்கள் சொன்ன மூன்றிலும் ஒன்றும் இல்லை. நிலையான வைப்பை ஈடு வைத்து எடுக்கிற அட்டைக்குப் போங்கோ. அதுவும் சம்பளம் விழுகிற அதே வங்கியில இருந்தால் நல்லது.

காரணம் லேசானது. ஈடில்லாத அட்டைக்கு வங்கி உங்கள் கடந்த காலத்தைப் பார்த்து முடிவெடுக்கும். வைப்பை ஈடு வைத்தால் கையிலிருக்கிற காசைப் பார்த்து முடிவெடுக்கும். 2022இன் நாலு மாத நிலுவை அங்கே பெரிய தடையாக நிற்காது. ஆனால் மாதாமாதம் கட்டுகிற பதிவு மற்றக் கடனட்டையைப் போலவே கிறிப்புக்குப் போகும். படிவத்தில் ஒப்பம் வைக்கமுதல் 'இது கடனட்டையாக கிறிப்புக்கு அறிக்கையிடப்படுமா' என்று ஒரு வசனம் கேட்டு உறுதிப்படுத்துங்கோ. முற்கட்டண அட்டையை விற்கப் பார்க்கிறவையும் இருக்கினம். அது உங்கள் காசை நீங்களே செலவழிக்கிறது, அதால கடன் பதிவு ஒன்றும் வளராது.

வைப்பில எவ்வளவு வீதத்துக்குக் கடன் எல்லை தருவினம் என்பது வங்கிக்கு வங்கி மாறும். 80 வீதம் என்று வைப்பம். 200,000ஐயும் பூட்டவேண்டாம். முதிர்வு நாள் வரும்போது அதை 150,000, 50,000 என்று இரண்டு வைப்பாகப் பிரியுங்கோ. இடையில முறித்தால் வட்டி குறையும், அதால முதிர்வு நாளிலேயே செய்யவேணும். 150,000ஐ ஈடு வைத்தால் 120,000 எல்லை. 50,000 ஆபத்து அவசரத்துக்கு வெளியில நிற்கும். ஈடு வைத்த வைப்பை அட்டை மூடும்வரைக்கும் தொடமுடியாது. மூடின பிறகும் பிந்தி வரக்கூடிய கணக்குகளுக்காகச் சில கிழமை பிடித்து வைப்பினம். வட்டி வழமைபோல சேரும்.

அந்த வட்டி பற்றி ஒரு சின்னத் தகவல், பலர் தவறவிடுகிறது. 2025 ஏப்ரல் 1 தொடக்கம் வைப்பு வட்டியில 10 சதவீதம் பிடித்தம் செய்யினம். ஆண்டு வருமானம் 1,800,000க்குக் கீழ என்றால் சுயபிரகடனப் படிவம் கொடுத்து அதைத் தவிர்க்கலாம். உங்கட சம்பளத்துக்கு அது பொருந்தும்போல இருக்கு. வங்கியிலேயே படிவம் இருக்கும்.

இப்ப லாபத்துக்கு வருவம். உங்கட மாதச் செலவு 39,000இல அட்டை மெசினுக்குப் போகக்கூடியது எவ்வளவு? சாமான் 22,000 முழுக்கச் சுப்பர்மார்க்கெற்றிலயா வாங்குறீங்கள்? சந்தையில மரக்கறி, கரையில மீன், சங்கக்கடையில அரிசி மா என்று போனால் மிஞ்சுறது 8,000தான் வரும். பெற்றோல், போன், கரன்ற் சேர்த்து 25,000. ஆண்டுக்கு 300,000.

காசு திரும்பத் தாற அட்டை 1 சதவீதம் தந்தால் ஆண்டுக்கு 3,000. புள்ளி அட்டையில நூறு ரூபாவுக்கு ஒரு புள்ளி, ஒரு புள்ளியின்ர பெறுமதி 25 சதம் என்று ஒரு பேச்சுக்கு எடுத்தால் 3,000 புள்ளி, அதாவது 750 ரூபா. ஆண்டுக் கட்டணம் 3,000 என்றால் முதலாவதில ஒன்றும் மிஞ்சாது, இரண்டாவதில 2,250 நட்டம். விமான மைல் அட்டையில கட்டணம் இன்னும் கூட. கட்டுநாயக்கா ஓய்வறையும் கொழும்பு ஹோட்டல் கழிவும் வருசத்தில ஒருக்கால் கூடப் பாவிக்காத ஆளுக்கு அதில எடுக்க ஒன்றுமில்லை. வங்கியிடம் கேட்கவேண்டிய கேள்வி 'எத்தனை புள்ளி தாறீங்கள்' என்பதல்ல, '1,000 ரூபா பெறுமதியான வவுச்சருக்கு எத்தனை புள்ளி வேணும்' என்பது. அதைத் தெரிந்தால் மிச்சத்தைப் பெருக்கிப் பார்க்கலாம். புள்ளி எத்தனை மாதத்தில காலாவதியாகும் என்றும் கேளுங்கோ.

இன்னும் கவனிக்க: கரன்ற், போன் பில், எரிபொருள், பணப்பைச் செயலிக்குக் காசு ஏற்றுறது, காப்புறுதி என்று ஒரு விலக்குப் பட்டியல் நிபந்தனைத் தாளில சின்ன எழுத்தில கிடக்கும். சில அட்டைகளில அவற்றுக்குப் புள்ளியே இல்லை, அல்லது அரைவாசி. 25,000இல 17,000 அந்தப் பட்டியலுக்குள்ள போனால் மேலே போட்ட கணக்கு இன்னும் இறங்கும். சுப்பர்மார்க்கெற் கழிவும் கிழமையில குறிப்பிட்ட நாளுக்கு, குறிப்பிட்ட தொகைக்கு மேல வாங்கினால், மாத உச்சம் இவ்வளவு என்று வரும். கழிவு எடுக்கவென்று முல்லைத்தீவில இருந்து வவுனியாவுக்கு மோட்டார் சைக்கிளில ஓடினால் பெற்றோல் காசும் மிஞ்சாது.

ஆகையால் உங்கட நிலைமைக்கு நல்ல அட்டை எது என்றால், ஆண்டுக் கட்டணம் இல்லாதது, அல்லது இவ்வளவு செலவழித்தால் கட்டணம் இல்லை என்று எழுத்தில தாறது, விசா அல்லது மாஸ்ரர். அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் எங்கட பக்கத்துச் சின்னக் கடை மெசினில எல்லா இடமும் எடுபடாது. 'முதல் வருசம் இலவசம்' என்றால் பதின்மூன்றாவது மாதம் என்ன வரும் என்று கேட்டு, அந்தத் திகதியைப் போனில குறிச்சு வையுங்கோ.

இவ்வளவும் ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது. மாதம் வாற பில்லை முழுக்கக் கட்டவேணும், ஆகக் குறைந்த தொகை அல்ல. மத்திய வங்கி 2022 ஏப்ரலில கடனட்டை வட்டிக்கு இருந்த உச்சவரம்பை எடுத்த பிறகு வீதங்கள் 30ஐத் தாண்டிப் போய், பிறகு இறங்கினது. 28 வீதம் என்று வைத்துப் பாருங்கோ. 40,000க்கு ஒரு சாமான் வாங்கி, பில்லில 39,000ஐக் கட்டி 1,000ஐ விட்டால், வட்டி அந்த 1,000க்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கினம். வழமையான நிபந்தனை என்னவென்றால், முழுத் தொகை கட்டாவிட்டால் வட்டியில்லாக் காலம் இல்லாமல் போய், வாங்கின நாளில இருந்து 40,000க்கும் வட்டி ஓடும். 40 நாளுக்கு அது கிட்டத்தட்ட 1,230 ரூபா. நாலைந்து மாதம் சேர்த்த கழிவு ஒரே பில்லில போயிடும்.

ஆகக் குறைந்த தொகையை மட்டும் கட்டிக்கொண்டு போனால் 100,000 நிலுவைக்கு 5 வீதப்படி 5,000. அதில முதல் மாத வட்டியே 2,333. முதலில குறையிறது 2,667தான். ஏ.ரி.எம்.மில கடனட்டையால காசு எடுக்கிறதை நினைக்கவே வேண்டாம். எடுக்கிற நிமிசத்தில கட்டணம், அன்றைக்கே வட்டி.

குமுழமுனைப் பெடியன்:

நன்றி அண்ணா, நன்றி. அறிக்கைக்குப் போட்டிட்டன். இன்னும் மூன்று கேள்வி. ஒன்று, 120,000 எல்லை இருந்தால் மாதம் எவ்வளவு வரைக்கும் பாவிக்கலாம்? இரண்டு, குளிர்சாதனப் பெட்டி ஒன்றை வட்டியில்லாத் தவணையில எடுத்தால் கிறிப்புக்கு நல்லதோ? மூன்று, கரன்ற் பில் அப்பாவின்ர பெயரில, விலாச ஆதாரத்துக்கு என்ன குடுக்கிறது? சம்பளமில்லாமல் கமம் மட்டும் செய்யிற தம்பியும் இதையே செய்யலாமோ?

மாங்குளம் சந்தி:

விலாசத்துக்கு விதானையாரிட்ட வதிவிடச் சான்றிதழ் எடுத்து, பிரதேச செயலகத்தில மேலொப்பம் வாங்குங்கோ. அதோட வங்கிக் கூற்று அந்த விலாசத்துக்கே வந்தால் இன்னும் நல்லது. படிவத்தில, அடையாள அட்டையில, சம்பளக் கடிதத்தில விலாசம் ஒரேமாதிரி இருக்கவேணும். அட்டை கூரியரில வரும். 'கோயிலடி, குமுழமுனை' என்று மட்டும் எழுதினால் திரும்பிப் போகும், அதால போன் இலக்கத்தைத் தெளிவாக எழுதுங்கோ, அல்லது கிளையில வந்து எடுக்கிறன் என்று சொல்லுங்கோ. சம்பளச் சீட்டு மூன்று மாதம், சம்பள உறுதிக் கடிதம், வங்கிக் கூற்று ஆறு மாதம் கையில வைத்துக்கொண்டு போனால் இரண்டாம் தரம் அலையத் தேவையில்லை.

மாதப் பாவனையை எல்லையின்ர கால் பங்குக்குக் கிட்ட வைத்திருங்கோ. 120,000க்கு 25,000 என்றது 21 வீதம், போதும். எல்லை முழுக்கப் பாவித்து முழுக்கக் கட்டினாலும், கிறிப்புக்குத் தரவு போகிற நாளில நிலுவை பெரிசாகத்தான் தெரியும். ஏதும் பெரிய செலவு வந்தால் மாதக் கூற்று அடிக்கிற நாளுக்கு முதலே ஒரு பகுதியைக் கட்டிவிடலாம்.

வவுனியா வரவுசெலவு:

தவணைத் திட்டத்தைப் பற்றி நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்லுவன். முதல் ஆறு மாதத்துக்கு வேண்டாம். 120,000 விலையுள்ள குளிர்சாதனப் பெட்டியை 12 மாதத்துக்கு மாற்றினால் மாதம் 10,000தான், ஆனால் எல்லை முழுவதும் அன்றைக்கே அடைபட்டுவிடும். மாதாமாதம் 10,000 கட்டக் கட்டத்தான் திறக்கும். இடையில் போன் பில்லுக்கே அட்டை போகாது. கிறிப்பில் பார்த்தால் எல்லையின் நுனியில் நிற்கிற ஆளாகத் தெரிவீர்கள்.

'வட்டியில்லை' என்றாலும் கையாளும் கட்டணம் சில திட்டங்களில் உண்டு. தவணையில் வாங்கினதுக்குப் பல அட்டைகளில் புள்ளி இல்லை. ஒரு தவணை தவறினால் திட்டத்தை இரத்துச் செய்து முழு மீதியையும் சாதாரண வட்டிக்கு மாற்றுகிற நிபந்தனையும் இருக்கும். கடைக்காரர் ரொக்க விலையைக் குறைத்துத் தருவாரா என்றும் கேட்டுப் பாருங்கோ. 120,000 பெட்டியை ரொக்கத்துக்கு 112,000க்குத் தருவார் என்றால் வட்டியில்லாத் தவணையின் வட்டி அந்த 8,000தான்.

அட்டை என்றால் 2, 3 சதவீதம் கூடத் தரவேணும் என்று சில கடைகளில் கேட்பார்கள். அப்படி வாடிக்கையாளரிடம் அறவிட வணிகர்களுக்கு அனுமதி இல்லை. பற்றுச்சீட்டில் அதைத் தனியாக எழுதித் தரச் சொல்லி, அட்டை தந்த வங்கிக்கு முறைப்பாடு கொடுக்கலாம். வேறு கடை இல்லையென்றால் ரொக்கத்தைக் கொடுத்துவிட்டு வாருங்கோ. 1 சதவீதக் கழிவுக்காக 3 சதவீதம் கொடுப்பதில் அர்த்தமில்லை.

ஒட்டுசுட்டான் நெற்காணி:

தம்பியாரைப் பற்றிக் கேட்டதுக்கு: ஓம், வைப்பை ஈடு வைத்து எடுக்கிற அட்டை கமம் செய்யிறவைக்கும் பொருந்தும், சம்பளச் சீட்டு இல்லாத ஆளுக்கு அதுதான் திறந்திருக்கிற வழி. ஆனால் அவருக்குக் காசு வாறது வருசத்தில இரண்டு தரம்: பெரும்போகம் அறுத்தால் ஒருக்கால், குளத்துத் தண்ணி கிடைத்துச் சிறுபோகமும் செய்தால் ஆவணியில இன்னொருக்கால். கடனட்டை பில் மாதா மாதம் வரும். இரண்டும் ஒத்துவராது. உரம், களைநாசினி, உழவுக்கூலிக்கு அட்டையைத் தேய்த்துவிட்டு அறுவடையில கட்டுவம் என்று நினைத்தால் நாலு மாத வட்டி. 100,000க்கு 28 வீதப்படி 9,300 தாண்டும். அந்தச் செலவுக்கு அரச வங்கிகளின்ர பயிர்ச்செய்கைக் கடன் இருக்கு, தவணையே அறுவடையோட பொருந்தும், வட்டியும் மிகக் குறைவு.

ஆகவே அவர் 50,000 வைப்பில ஒரு சின்ன அட்டை எடுத்து, மாதம் வாற ஒரேயொரு போன் பில்லை மட்டும் அதில கட்டட்டும். அறுவடைக் காசு வந்ததும் ஆறு மாதப் போன் பில்லுக்கான காசைச் சேமிப்புக் கணக்கில ஒதுக்கி, அதில இருந்து தானாக வெட்டுப்பட நிலையான கட்டளை போட்டால் போதும். 2,000 ரூபா பில்லானாலும் மாதம் தவறாமல் கட்டின பதிவு பதிவுதான்.

பெண்கள் குழுக் கடன் எடுக்கிற வீடுகளுக்கும் ஒரு விசயம். கிறிப்பில உறுப்பினராக இல்லாத இடத்தில கட்டின கடன் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் பதிவாகாது. சீட்டு, கிராம அபிவிருத்திச் சங்கச் சுழற்சிக் கடன் எல்லாம் அப்படித்தான். கட்டுறது நல்லது, ஆனால் வங்கியில காட்ட உதவாது. உறுப்பினராக உள்ள கம்பனியில குழுக் கடன் பிந்தினால் அது கட்டாயம் தெரியும். வீட்டுக் கடனுக்கு மனைவியும் இணைவிண்ணப்பதாரர் என்றால் அவவின்ர அறிக்கையையும் இப்பவே எடுத்துப் பாருங்கோ.

குமுழமுனைப் பெடியன்:

விளங்குது. அப்ப எப்ப ஈடில்லாத அட்டைக்கு மாறலாம்? மற்றது, கட்டவேண்டிய நாள் போயா, சனி ஞாயிறில வந்தால்?

வவுனியா வரவுசெலவு:

பன்னிரண்டு மாதம் ஒரு பில்லும் பிந்தாமல் போனபிறகு அதே வங்கியில் எழுத்தில் கேளுங்கோ: ஈட்டை விடுவித்து, அட்டையை அதே கணக்காகத் தொடரலாமா என்று. புதிதாக விண்ணப்பிப்பதைவிட இது நல்லது, பழைய கணக்கின் வயது உங்கள் பக்கம் நிற்கும். மறுத்தால் ஆறு மாதம் விட்டு இன்னொருக்கால் கேளுங்கோ, வேறு வங்கிக்கு ஓடவேண்டாம். வீட்டுக் கடனுக்குப் போகுமுன் ஆறு மாதத்துக்கு எந்தப் புதுக் கடனுக்கும், அட்டைக்கும், லீசிங்குக்கும் ஒப்பம் வைக்காதேங்கோ, புதிதாகப் பிணையும் நிற்காதேங்கோ. இன்னொன்று: அட்டை எல்லை பெரிதானால் வீட்டுக் கடன் கணக்குப் பார்க்கும்போது நீங்கள் அதைப் பாவிக்காவிட்டாலும் ஒரு பகுதியைக் கடன் பொறுப்பாக எடுக்கிற வங்கிகள் இருக்கின்றன. போனில் எடுத்து 'எல்லையைக் கூட்டித் தாறம்' என்று சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கோ.

மாங்குளம் சந்தி:

திகதி விசயம்: சம்பளம் 25 என்றபடியால், கட்டவேண்டிய கடைசி நாள் 28க்கும் 5க்கும் இடையில வாறமாதிரி மாதக் கூற்று நாளை வைத்துத் தரச் சொல்லுங்கோ. படிவம் நிரப்பும்போதே கேட்டால் லேசு, பிறகும் மாற்றலாம். சம்பளக் கணக்கில இருந்து முழு நிலுவையும் வெட்டுப்படக் கட்டளை குடுங்கோ. படிவத்தில 'ஆகக் குறைந்த தொகை', 'முழுத் தொகை' என்று இரண்டு பெட்டி இருக்கும். ஒன்றும் அடையாளமிடாவிட்டால் ஆகக் குறைந்ததைப் போட்டுவிடுவினம், அதால நீங்களே பேனையால அடையாளமிட்டுப் படமெடுத்து வையுங்கோ.

போயா, வார இறுதி, சித்திரை வருசப்பிறப்பு நாட்களில கட்டினது அடுத்த வேலை நாளில்தான் ஏறக்கூடும். அதிலும் வேறை வங்கியில இருந்து அனுப்பினால், காசு வைக்கிற மெசினில போட்டால் ஒரு நாள் பிந்தலாம். மூன்று வேலை நாள் முன்னுக்குக் கட்டுங்கோ. முதல் இரண்டு மாதமும் கட்டளை வேலை செய்யுதா என்று வெட்டுப்பட்ட அன்றே எஸ்.எம்.எஸ்.ஸைப் பாருங்கோ. கணக்கில 50 ரூபா குறைந்தாலும் சில வங்கியில கட்டளை முழுக்க நின்றுவிடும், பிந்தின கட்டணம் வரும். முதல் பில்லில கேட்காத 'கடன் காப்பு' (அட்டை நிலுவைக்கான காப்புறுதி) என்று ஏதும் கட்டணம் இருந்தால் அந்த மாதத்திலேயே நிற்பாட்டச் சொல்லி மின்னஞ்சல் போடுங்கோ. போனில சொன்னதுக்கு ஆதாரம் இருக்காது.